காணிக்காக நின்ற ஸ்கொட்லாந்துப் பெண்கள்



தேநீர் குடிக்காத வீடு நம்மிடையே இல்லை. 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் வியாபாரத்துக்காகத் தேயிலை பயிரிட்டு வழிகாட்டிய ஜேம்ஸ் டெயிலர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தவர். அவரைப் போல அங்கிருந்து மலையகத்துக்கு வந்த துரைமார் பலர். ஆகவே அதனைத் துரைமாரின் நாடாகவே நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட ஏழை மக்களும் அதே நாட்டில் இருந்தார்கள். அவர்களைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

ஸ்கொட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் மலைகளும் தீவுகளும் உள்ளன. அங்கு வாழ்ந்தோர் கேலிக் மொழி பேசியவர்கள். குலம் குலமாக, ஒரு தலைவரின் கீழ் வாழ்ந்தார்கள். காணி தலைவருடையது என்றாலும், தலைமுறையாக உழுது வாழும் தங்களுக்கும் அதில் உரிமை உண்டு என்று மக்கள் நம்பினார்கள். அது வழமை மட்டுமே; எழுத்தில் எதுவும் இல்லை.

1746ஆம் ஆண்டு கலோடன் என்ற இடத்தில் நடந்த போரில், அரசுக்கு எதிராக எழுந்த மலைநாட்டுப் படை ஒரு மணித்தியாலத்துக்குள் தோற்றது. அதன் பின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஆண்கள் தமது பாரம்பரிய உடையை அணிவதும் தடைசெய்யப்பட்டது. அத்தடை 1782 வரை நீடித்தது. குலத்தலைவர்களின் நீதி வழங்கும் அதிகாரமும் போயிற்று. காலப்போக்கில் அவர்கள் வெறும் நிலச்சொந்தக்காரர்கள் ஆனார்கள். குடியானவர் தரும் வாடகையைவிட செம்மறியாட்டுப் பண்ணைகள் அதிக வருமானம் தந்தன. எனவே மக்களை எழுப்பிவிட்டு ஆடுகளை விட்டார்கள்.

சதர்லாந்துப் பகுதியில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் வீடுகளின் கூரைகள் எரிக்கப்பட்டன. முதலாவது வெளியேற்றத்தை நடத்திய பற்றிக் செல்லர் என்பவர்மீது மனிதக்கொலைக் குற்றமும் சாட்டப்பட்டது. 1816இல் அவர் விடுதலையானார். துரத்தப்பட்டவர்கள் கரையோரத்துக்கும், கிளாஸ்கோ போன்ற நகரங்களுக்கும், கனடாவுக்கும் சிதறினார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தவர்கள் பெண்கள். வெளியேற்றக் கட்டளையுடன் அதிகாரிகள் வரும்போது பல இடங்களில் முன்னால் நின்றவர்கள் அவர்களே. ஆண்கள் பலர் மீன்பிடிக்கும் தூரத்துக் கூலிவேலைக்கும் போயிருப்பார்கள். பெண்கள்மீது கைவைக்கத் தயங்குவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கை பல தடவை பொய்த்தது. 1854இல் கிறீன்யார்ட்ஸ் என்ற இடத்தில் பொலிஸார் பெண்களைப் பொல்லுகளால் தாக்கினார்கள். 1882 ஏப்ரலில் ஸ்கை தீவின் பிறேஸ் கிராமத்துக்குக் கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 50 பொலிஸார் வந்தார்கள். ஊர்ப் பெண்களும் ஆண்களும் கல்லெறிந்து எதிர்த்தார்கள். காயப்பட்டவர்களுள் பெண்கள் பலர்.

அதே ஸ்கை தீவில் பிறந்தவர் மேரி மக்பெர்சன். 1871இல் கணவரை இழந்தார். பிள்ளைகளைக் காப்பாற்ற வீட்டுவேலைக்குப் போனார். அடுத்த ஆண்டு, எஜமானியின் உடைகளைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்றார். தான் குற்றமற்றவர் என்றே கடைசிவரை சொன்னார். அந்த அவமானத்திலிருந்தே தன் பாடல்கள் பிறந்தன என்றார். பின்னர் தாதியாகவும் பிரசவம் பார்ப்பவராகவும் பயிற்சி பெற்று உழைத்தார். காணிப் போராட்டக் கூட்டங்களில் அவரது பாடல்கள் ஒலித்தன. அவற்றை அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1891இல் நூலாக வந்தன. சிறைக்குப் போன ஒரு விதவையை ஊர் எப்படிப் பேசும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அதற்குப் பாட்டால் பதில் சொன்னார்.

பிறேஸ் சம்பவத்தின் பின் அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. நேப்பியர் பிரபு தலைமையில் 1883இல் அது கிராமம் கிராமமாகச் சென்றது. முதல் அமர்வு பிறேஸிலேயே நடந்தது. அங்கு முதலில் வந்த சாட்சி, உண்மையைச் சொன்னால் தன்னைக் காணியிலிருந்து எழுப்பமாட்டார்கள் என்ற உறுதிமொழியைக் கேட்டுக்கொண்டே வாய்திறந்தார். மக்கள் கேலிக் மொழியிலும் பேசினார்கள், அது மொழிபெயர்க்கப்பட்டது. அந்தச் சாட்சியங்கள் பெரிய தொகுதிகளாக இன்றும் இருக்கின்றன. ஆனால் சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பொல்லடி வாங்கும்போது முன்வரிசையில் நின்ற பெண்கள், பதிவேட்டில் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

1886இல் சட்டம் வந்தது. சிறுகாணி வைத்திருந்தோரை இனி எழுந்தமானமாக வெளியேற்ற முடியாது. நியாயமான வாடகை, செய்த திருத்தங்களுக்கு நட்டஈடு, குடும்பத்தவருக்குக் காணியை விட்டுச்செல்லும் உரிமை ஆகியன கிடைத்தன. ஆயினும் வெறுமையாக்கப்பட்ட பள்ளத்தாக்குகளை அச்சட்டம் திருப்பித் தரவில்லை. காணியே இல்லாதவர்களுக்கு அதில் பெரிய பயனும் இருக்கவில்லை.

அந்தக் கதை நெடுங்காலம் தொடர்ந்தது. 1997இல் எய்க் என்ற சிறுதீவின் மக்கள், பொதுமக்களிடமும் பணம் திரட்டி, ஏறத்தாழ 15 இலட்சம் பவுணுக்குத் தமது தீவையே வாங்கிக்கொண்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம், விற்பனைக்கு வரும் காணியை முதலில் வாங்கும் உரிமையைக் கிராமச் சமூகங்கள் பதிவுசெய்துகொள்ள வழிசெய்தது.

துரைமாரின் நாட்டிலேயே இப்படி என்றால், அவர்களது தோட்டங்களில் லயன் அறைகளில் வாழ்ந்த நம் மலையகச் சகோதரிகள் பல தலைமுறையாகச் சொந்தக் காணியின்றி இருந்ததையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும். ஒரு நாட்டின் மக்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை.

வழமையை நம்பியிருந்தவர்கள் ஒரே நாளில் வீதிக்கு வந்தார்கள். எழுத்தில் வந்த பிறகே அவர்களால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. ஆகவே சகோதரிகளே, காணி பற்றிய கடிதம், பற்றுச்சீட்டு, பழைய வரைபடம் எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள். பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். விசாரணை எதுவும் நடந்தால் அண்ணனோ மகனோ பேசட்டும் என்று பின்னால் நிற்காதீர்கள். உங்கள் பெயரில், உங்கள் வாயால், உங்கள் மொழியில் சொல்லுங்கள். சொன்னது எழுதப்பட்டதா என்றும் கேளுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.