திரையின் மஞ்சளும் காகிதத்தின் மஞ்சளும்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சாகிறதென்று வைத்துக்கொள்வோம். கணினித் திரையில் மங்களகரமாய் ஜொலித்த மஞ்சள், காகிதத்தில் பச்சை பாய்ந்து நிற்கிறது! முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. பழி அச்சுக்கூடத்தின் தலையில் விழும். ஆனால் பல சமயங்களில் குற்றவாளி மேஜைமேல் இருக்கும் திரைதான்.

சித்திர வேலைக்கும் சினிமாவுக்கும் ஒரே திரையை வாங்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது வர்ண சுத்தம். 1999-ல் சர்வதேச நியமமான 'எஸ்.ஆர்.ஜி.பி.' வர்ணங்களை ஏறக்குறைய முழுவதும் காட்டவேண்டும். 'ஐ.பி.எஸ்.' திரையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. 'வி.ஏ.' திரையில் கறுப்பு நன்றாய்க் கறுக்கும். இரவில் படம் பார்க்க உகந்தது. சித்திரமே ஜீவனமானால் முன்னதே சிலாக்கியம்.

27 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகளே. தமிழெழுத்தின் சுழிகள் கரடுமுரடாய்த் தெரியும். 2560-க்கு 1440 என்றால் சுமார் 109. விநாடிக்கு 144 தடவை புதுப்பிக்கும் வேகம் விளையாட்டுப் பிரியர்களுக்கே. சினிமாவுக்கு வழக்கமாய் விநாடிக்கு 24 படங்கள்தாமே!

கடை வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான். ஆகையால் நல்லபடியாய் அச்சான பத்திரிகையொன்றையும் அதன் கணினிப் பிரதியையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். திரை ஒளியால் வர்ணம் காட்டுவது. காகிதம் மையால் காட்டுவது. எத்தனை உயர்ந்த திரையானாலும், மாதிரிப் பிரதி ஒன்றைப் பார்த்த பிறகே ஆயிரத்துக்கு உத்தரவு கொடுங்கள்.