சர்க்கரை இல்லை என்றான பின்னும் அடங்காத தாகம்

கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும் மதுரைச் சமவெளியில், நோயாளிகள் சொல்லும் குறைகளுள் மருத்துவரால் மிக எளிதாகக் கடந்து செல்லப்படுவது தாகமே. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் ஒருவர் ‘எவ்வளவு தண்ணி குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது’ என்று சொன்னால் விரல் நுனியில் சர்க்கரை பார்க்கப்படுகிறது. அது இயல்பாக இருந்துவிட்டால் ‘உடம்புச் சூடு’ என்ற முடிவோடு இளநீரும் வெந்தயமும் சொல்லி அனுப்பப்படுகிறார். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023 இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு மதிப்பிட்டிருக்கும் நிலையில், முதலில் சர்க்கரையைப் பார்ப்பதில் தவறேதும் இல்லை. அதோடு விசாரணை முடிந்துவிடுவதுதான் தவறு.

வெயிலால் எழும் தாகத்துக்கும் நோயால் எழும் தாகத்துக்கும் உள்ள வேறுபாடு சிறுநீரில் தெரியும். செங்கல் சூளையிலோ கட்டட வேலையிலோ வியர்வையாக நீரை இழப்பவருக்குச் சிறுநீர் குறைந்து, மஞ்சளாக அடர்ந்து இறங்கும்; சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க இயலாதவருக்கோ அது பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்து, இரவிலும் மூன்று நான்கு முறை எழுப்பிவிடும் அளவுக்குப் பெருகும். ஆகவே குடித்த அளவைக் கேட்பதைவிடக் கழித்த அளவை அளப்பதே முதற்பணி. ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லிக்கு மேல், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 லிட்டருக்கு மேல், போனால் அது மிகைச் சிறுநீர்ப்போக்கு எனக் கொள்ளப்படும். இதற்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்றே போதும் என்றாலும், காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு மறுநாள் காலையின் முதல் சிறுநீர்வரை சேர்க்க வேண்டும் என்பதையும், வயலுக்கோ வெளியூருக்கோ போகாத நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லாவிட்டால் அந்த அளவு பயன்படாது. பேருந்தில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே முந்தின இரவிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு; அன்று எடுக்கும் மாதிரியை வைத்து முடிவு சொல்வது சரியாகாது.

அளவு இயல்பாக இருந்தால், அது தாகமா வெறும் வாய் வறட்சியா என்று பார்க்க வேண்டும். மனநல மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் டிரைஹெக்சிபெனிடில், நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் ஆகியன உமிழ்நீரைக் குறைக்கும்; உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் சோக்ரன் நோயும் அவ்வாறே. அளவு மிகுந்திருந்தாலோ, மருந்துச் சீட்டுகளைப் புரட்டி லித்தியம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், கிரியாட்டினின் ஆகிய நான்கையும் கேட்டுப் பெற வேண்டும். மூட்டு வலிக்கென்று 6 லட்சம் அலகு வைட்டமின் டி ஊசியை மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டு, கால்சியம் ஏறி, தாகமும் மலச்சிக்கலும் சோர்வுமாக வருபவரிடம் அந்த ஊசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இவையும் இல்லையெனில் எஞ்சுவன மூன்று. சிறுநீரைச் செறிவாக்கும் ஆர்ஜினின் வாசோபிரசின் என்ற ஹார்மோன் மூளையின் ஹைப்போதலாமஸ்-பிட்யூட்டரிப் பகுதியிலிருந்து போதாமல் வருவது ஒன்று. அது வந்தும் சிறுநீரகம் அதற்கு இணங்காதிருப்பது மற்றொன்று. தேவையின்றியே மிகுதியாக நீர் அருந்தும் பழக்கம் மூன்றாவது. தலைக்கவசமின்றி இருசக்கர வாகனத்தில் விழுந்தவர்களும் காசநோய் மூளையுறை அழற்சியிலிருந்து மீண்டவர்களும் நிறைந்த நம் பகுதியில் முதல் வகையை நூலில் மட்டும் காணும் நோயாகக் கருதலாகாது. தாகம் திடீரென்று ஒரு நாளில் தொடங்கியதும், ஐஸ் தண்ணீரையே தேடுவதும் அதற்கான குறிப்புகள். சோடியம் 145 ஐத் தாண்டியிருந்தால் முதல் இரண்டில் ஒன்றையும், 135 க்குக் கீழே இருந்தால் மூன்றாவதையும் ஐயுறலாம்.

இவற்றைப் பிரித்தறிய, செறிவூட்டிய உப்புநீரை ஏற்றி, வாசோபிரசினோடு சேர்ந்து சுரக்கும் கோபெப்டின் என்ற புரதத்தை அளக்கும் முறை 96.5 விழுக்காடும், பழைய நீர் நிறுத்தச் சோதனை 76.6 விழுக்காடும் சரியான முடிவு தந்ததாக 2018 இல் வெளியான ஒப்பாய்வு காட்டியது. கோபெப்டின் எட்டாத இடங்களில் பழைய சோதனையே செய்யப்படும் என்றாலும், ‘ராத்திரி முழுக்கத் தண்ணி குடிக்காம காலைல வாங்க’ என்று வீட்டுக்கு அனுப்பிச் செய்யத்தக்க சோதனை அன்று அது. எடையும் சோடியமும் இடைவிடாது பார்க்கப்படும் வார்டில், எடை 3 விழுக்காடு குறைந்தவுடன் நிறுத்தப்பட வேண்டியது. மின்விசிறி மட்டுமே உள்ள வார்டில் மே மாதத்தில் அந்த எடை வியர்வையாலேயே இறங்கிவிடும் என்பதை நூல்கள் சொல்வதில்லை.

லண்டன் மருத்துவமனையொன்றில் 2009 இல், வாசோபிரசின் குறைபாடுள்ள 22 வயது இளைஞர் ஒருவர் தம் வழக்கமான மருந்து தரப்படாமல், காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்துத் தண்ணீர் கேட்டு, பின்னர் இறந்தார். இந்நோயைச் சர்க்கரை நோயோடு குழப்பிக்கொள்வதால் நேரும் இத்தகைய ஆபத்துகளைத் தவிர்க்கவே 2022 இல் பன்னாட்டு அமைப்புகள் ‘டயாபட்டிஸ் இன்சிபிடஸ்’ என்ற பழைய பெயரைக் கைவிட்டன. சர்க்கரை நோய்க்கும் இதற்கும் ‘நீரிழிவு’ என்ற சொல்லே வழங்கும் நம் நோயேடுகளில் அக்குழப்பத்துக்கு இடம் இன்னும் அதிகம். எனவே பரிந்துரைச் சீட்டில் ‘வாசோபிரசின் குறைபாடு, தண்ணீரைத் தடுக்கக் கூடாது, டெஸ்மோபிரசினை நிறுத்தக் கூடாது’ என்று முழுமையாக எழுதுவது நலம். அக்குறைபாட்டை ஈடுசெய்யும் அதே டெஸ்மோபிரசின், பழக்கத்தால் மிகுதியாக நீர் அருந்துபவருக்குத் தரப்பட்டால் சோடியம் சரிந்து வலிப்பு வரும். எனவே நோய் உறுதிப்படாமல் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை.