வலி வரும்போது பக்கத்தில் யார்?

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் மருத்துவச்சி இன்று பாட்டிமார் பேச்சில்தான் இருக்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன; அதனால் பிழைத்த தாய்மார் ஏராளம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது: மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 64. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகை நீவி, அவசரப்படாமல் காத்திருக்க ஆளில்லாததும் இதற்கு ஒரு காரணம் என்பேன். அந்த ஆள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. செவிலியருக்கு 18 மாதம் தனிப் பயிற்சி தந்து பேறுகாலப் பொறுப்பை ஒப்படைக்க 2018இல் மத்திய அரசே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி எண், தடுப்பூசிக் கணக்கு என்று எழுதி மாளாத கிராம சுகாதாரச் செவிலியர், பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு, எந்தக் காசில் ஒன்றரை ஆண்டு படிக்கப் போவார்? சட்டத்துக்குக் குறைவில்லை: மருத்துவச்சிகளைப் பதிவுசெய்ய அன்றைய சென்னை மாகாணம் 1926லேயே சட்டம் போட்டது. பதிவேட்டில் பெயர் ஏற்றினால் போதுமா, கைச்செலவை யார் பார்ப்பது? அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு மாவட்டப் பெண்களுக்கும் அங்கேயே இந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள். படிக்கும் காலத்தில் சம்பளத்தை நிறுத்தாதீர்கள். பதிவுக் கட்டணத்தையும் புதுப்பிப்புக் கட்டணத்தையும் அரசே கட்டட்டும்.