அடுப்படிக்கு எட்டாத வைஃபை

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. (வழக்கமான சாக்குதான், கண்டுக்காதீங்க.) இன்னிக்கு ஒரு டெக்னிக்கல் பதிவு. ஆனா நடுவுல கொஞ்சம் அம்மா செண்டிமெண்ட்டும் வரும். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் பின்னூட்டத்துல வந்து திட்டக் கூடாது.

கடைசியில சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடறேன். வீட்ல வைஃபை எல்லா ரூமுக்கும் எட்டலைன்னா மெஷ் வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா அந்தப் பொட்டிகளுக்கு நடுவுல ஒரு வயர் இழுக்காம வாங்கினா, எங்க வீடு மாதிரி வீட்ல பாதிக் காசு தண்டம். அதுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. வீட்ல யாருக்கு எட்டலைன்னு பாருங்க. நான் ரெண்டு வருஷம் பார்க்கலை.

எங்க வீடு மதுரையில, அப்பா 1988ல கட்டினது. அகலம் 20 அடி, நீளம் 70 அடி. ரயில் பெட்டி மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரூம். முன்னாடி ஹால், அடுத்து என் ரூம், அப்புறம் அப்பா அம்மா ரூம், அதுக்கும் பின்னாடி அடுப்படி, கொல்லை. எல்லாம் 9 இன்ச் செங்கல் செவரு. "இப்பல்லாம் நாலரை இன்ச்ல கட்டிட்டுப் போயிடறாங்க, இதை இடிக்கவே ஒரு வாரம் ஆகும்"னு அப்பா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்வாரு. இடிக்க மட்டுமில்லப்பா, வைஃபை தாண்டவும்தான்.

ஃபைபர் நெட் போட வந்த பையன், கம்பத்துல இருந்து வயர் எந்தப் பக்கம் உள்ள நுழைஞ்சதோ அங்கயே, ஹால்ல டிவிக்கு மேல, பொட்டியை மாட்டிட்டுப் போயிட்டான். அவனுக்கு அன்னிக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. அவனைச் சொல்லிக் குத்தமில்ல. பக்கத்துல கையக் கட்டிட்டு நின்ன இஞ்சினியர் நான்தான். ஹால்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். 200 பிளானுக்கு 190 வந்துச்சு. என் ரூம்லயும் நல்லாவே வந்துச்சு. அத்தோட மேட்டர் ஓவர்.

அக்கா சிங்கப்பூர்ல இருக்கா. அவ ஆபீஸ் முடிஞ்சு வீடு வந்து சேர அங்க எட்டரை, இங்க ஆறு மணி. அந்த நேரம் அம்மா அடுப்படியில இருப்பாங்க. வீடியோ கால் வரும். ரெண்டு நிமிஷத்துல "ம்மா, நீ அசையவே மாட்டேங்குற", "ம்மா, கேக்குதா"ன்னு அக்கா கத்துவா. அம்மாவுக்கு அக்கா முகம் ஓரளவு நல்லாத்தான் தெரியும், அதனால இவங்களுக்கு ஒண்ணும் புரியாது. கொஞ்ச நேரத்துல கட்டாயிடும். "அவளுக்கு வேலை இருக்கும் போல"ன்னுட்டு அம்மா திரும்ப மாவாட்டப் போயிடுவாங்க.

நான் என்ன சொன்னேன்னா, "ம்மா, உன் போனு அஞ்சு வருஷப் பழசு. இந்தா பாரு, என் போன்ல நல்லாத்தானே வருது." ஒரு தடவை, "போனை ஒழுங்காப் பிடிக்கவே தெரியல உனக்கு"ன்னு கூடச் சொல்லியிருக்கேன். ஆபீஸ்ல டெஸ்டர் பக் ரிப்போர்ட் பண்ணா "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்ற ஜாதிடா நாமன்னு அப்போ உறைக்கல. அதே வசனத்தைத்தான் பெத்த தாய்கிட்ட சொல்லிட்டிருந்திருக்கேன்.

போன மழைக்காலத்துல ஒரு நாள் என் ரூம்ல ஒழுகுதுன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் அடுப்படியில உக்காந்தேன். டமேஜரோட கால். அஞ்சு நிமிஷத்துல மூணு தடவை துண்டாச்சு. அப்பத்தான் புத்தி வந்துச்சு. அம்மாவுக்கு ரெண்டு வருஷமா வராத சிக்னல், எனக்கு அஞ்சு நிமிஷம் வரலைன்னதும் அது "பிரச்சினை" ஆயிடுச்சு பாருங்க.

சரி, இனி டெக்னிக்கல். போன்ல ஒரு இலவச ஆப் போட்டுக்கிட்டு வீடு முழுக்க நடந்தேன். அது சிக்னலை டிபிஎம்ங்கிற கணக்குல மைனஸ்ல காட்டும். பூஜ்ஜியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. ஹால்ல மைனஸ் 42. என் ரூம்ல மைனஸ் 55. அப்பா அம்மா ரூம்ல மைனஸ் 68. அடுப்படியில மைனஸ் 79. கொல்லைக் கதவுகிட்ட மைனஸ் 85.

42க்கும் 79க்கும் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா இந்தக் கணக்குல 10 குறைஞ்சா சக்தி பத்துல ஒரு பங்கு ஆயிடும். 37 குறைஞ்சா ஏறக்குறைய ஐயாயிரத்துல ஒரு பங்கு. வீடியோ கால் தடங்கல் இல்லாம நடக்க மைனஸ் 67க்குக் கீழ போகாம இருந்தா நல்லதுன்னு நெட்வொர்க் ஆளுங்க சொல்வாங்க. எங்க அடுப்படி எங்க இருக்குன்னு பார்த்துக்கோங்க.

அம்மாவுக்கு அக்கா முகம் தெரிஞ்சுது, அக்காவுக்கு அம்மா முகம் தெரியலையே, அது ஏன்? வைஃபைங்கிறது ஒருவழிப் பேச்சு இல்ல. ரவுட்டர் செவத்துல மாட்டி, கரண்ட்ல ஓடுற பொட்டி. நல்லா சத்தமாக் கத்தும். போன் பேட்டரியில ஓடுறது, ஆன்டெனாவும் சின்னது. அது முனகத்தான் முடியும். மூணு செவரு தாண்டி ரவுட்டர் கத்துறது போனுக்குக் கேட்டுடும், போன் முனகுறது ரவுட்டருக்குக் கேக்காது. அதனாலதான் நாலு கொம்பு வெச்ச பெரிய ரவுட்டர் வாங்கினா மட்டும் எல்லாம் சரியாயிடாது. கஸ்டமர் கேர்ல "300 பிளானுக்கு மாறிக்கோங்க சார்"னு சொல்றதும் அதே கதைதான். குழாய்ல தண்ணி நல்லாத்தான் வருது, பிரச்சினை குடத்தைத் தூக்கிட்டுப் போற வழியில.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் நான் செஞ்சது வரிசையா மூணு சொந்த செலவுல சூனியம்.

முதல் சூனியம், 1,400 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர். சிக்னல் எங்க இல்லையோ அங்க, அடுப்படியிலயே சொருகினேன். வர்ற சிக்னலே உயிர் போற நிலைமையில இருக்கு, அதைத் திருப்பிச் சொல்லி என்ன பிரயோஜனம்? போதாததுக்கு அதுக்குன்னு தனியா ஒரு வைஃபை பேரு. அம்மா ஹால்ல இருந்து அடுப்படிக்குப் போனா போன் பழைய பேரையே பிடிச்சுத் தொங்கும்.

ரெண்டாவது, 6,200 ரூபாய்க்கு ரெண்டு பொட்டி மெஷ் செட். மெஷ்னா வேற ஒண்ணுமில்ல, ரெண்டு மூணு பொட்டி ஒரே பேர்ல, ஒரே வலையா வேலை செய்யும். நடக்க நடக்க போன் கிட்ட இருக்கிற பொட்டிக்கு மாறிக்கும். (மாறச் சொல்லி மெஷ் சிபாரிசுதான் பண்ணும், முடிவு எடுக்கிறது போன்தான்.) 2016ல அமெரிக்காவுல ஈரோங்கிற கம்பெனி வீடுகளுக்குன்னு இதை விக்க ஆரம்பிச்சுது. அதே வருஷக் கடைசியில கூகுளும் இறங்குச்சு. 2019ல ஈரோவை அமேசான் வாங்கிடுச்சு. ஐடியா அருமையான ஐடியாதான்.

ஆனா ஒண்ணு யோசிங்க. அங்க பெரும்பாலான வீடு மரச்சட்டத்துல ஜிப்சம் பலகை அடிச்சுக் கட்டினது. வைஃபை அதைச் சுலபமா தாண்டிடும். டப்பா மேல போட்டிருக்கிற "இத்தனை சதுர அடி" கணக்குக்கு எங்கப்பாவோட 9 இன்ச் செவரைப் பத்தி என்ன தெரியும்? அதுலயும் வேகமா ஓடுற 5 கிகாஹெர்ட்ஸ் செவத்துல ரொம்பவே அடிபடும். 2.4 கொஞ்சம் தாண்டும், ஆனா அதுல வேகம் கம்மி, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் அதே ரோட்லதான்.

ரெண்டாவது பொட்டியை அப்பா அம்மா ரூம்ல வெச்சேன். அடுப்படியில 22 வந்துச்சு. ஆகான்னு இருந்துச்சு. ஆனா சாயங்காலம் நான் கால்ல இருந்தா அம்மா கால் மறுபடி இழுக்கும். காரணம் எளிசு. நான் வாங்கின சல்லிசான செட்ல, போன்கிட்ட பேசுறதுக்கும் ஹால் பொட்டிகிட்ட பேசுறதுக்கும் ஒரே ரேடியோதான். ஒரு வாய்தான் இருக்கு, இங்க கேட்டு அங்க சொல்லணும். பாதி நேரம் அதுலயே போயிடும். இதுக்குன்னே தனி ரேடியோ வெச்ச செட் இருக்கு, விலை ஜாஸ்தி. அதுவும் அதே செவரைத்தான் தாண்டணும்.

அப்புறம்தான் வயர். எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். "டிவி கேபிள் மாதிரிதானே தம்பி, கரண்ட் பைப்லயே விட்டுடலாம்"னாரு. அதை மட்டும் செய்யாதீங்க. 230 வோல்ட் ஓடுற பைப்ல நெட் வயரை விடக் கூடாது, ஆபத்து. லாஃப்ட் ஓரமாவே கிளிப் அடிச்சு 25 மீட்டர் கேட் 6 கேபிள் இழுத்தோம். (100 மீட்டர் வரைக்கும் தாராளமாப் போகும். அலுமினியத்துல செம்பு முலாம் பூசின கேபிளை விலை கம்மின்னு தலையில கட்டுவாங்க, முழுச் செம்பாக் கேட்டு வாங்குங்க.) ரெண்டாவது பொட்டி இப்ப அடுப்படி நிலைக்கு மேல.

மூணாவது சூனியம் இங்கதான். நானே கிரிம்ப் பண்றேன்னு உக்காந்தேன். ஸ்பீடு 94லயே நின்னுச்சு. கேபிள் உள்ள இருக்கிற நாலு ஜோடியும் சரியா உக்காந்தாத்தான் கிகாபிட். ஒரு ஜோடி சொதப்பினாலும் 100க்கு இறங்கிடும். வெட்டிட்டு மறுபடி பண்ணேன். இப்ப அடுப்படியில மைனஸ் 45, ஸ்பீடு 185. கேபிள், கிளிப், அண்ணன் கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். ரிப்பீட்டரை விட 400 ரூபாய்தான் கூட, ஆனா வேலை செஞ்சது இதுதான்.

அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா கூப்பிட்டா. அம்மா போனைப் பருப்பு டப்பால சாச்சு வெச்சுட்டு வெங்காயம் நறுக்கிட்டே பேசினாங்க. நான் அந்தப் பக்கம் தண்ணி குடிக்கப் போன மாதிரி நின்னுட்டிருந்தேன் :-) கால் கட்டாகல. கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா கேட்டா. "ம்மா, முன்னாடி முடியெல்லாம் எப்ப இவ்ளோ நரைச்சுச்சு?"

அம்மா சிரிச்சுட்டு, "அது ஆச்சுடி, ரெண்டு வருஷம்"னாங்க.

நான் தண்ணியைக் குடிச்சுட்டு என் ரூமுக்கு வந்துட்டேன்.

மெஷ் விக்கிறவங்க மேல எனக்குக் கோவமில்ல. எல்லாரும் செவத்தை இடிச்சு வயர் இழுங்கன்னும் சொல்லல. வாடகை வீடு, ஆணி அடிச்சாலே ஓனர் முறைக்கிறாருன்னா, வயர் இல்லாத மெஷ்தான் வழி. அப்பவும் ரெண்டாவது பொட்டியை சிக்னல் செத்த இடத்துல வைக்காதீங்க, பாதி வழியில வைங்க. ரெண்டு பெட்ரூம் பிளாட்டுன்னா மெஷ்ஷே தேவைப்படாது. டிவிக்குப் பின்னாடியும் இரும்பு பீரோ மேலயும் இருக்கிற ரவுட்டரை எடுத்து வீட்டு நடுவுல, ஆள் உயரத்துல மாட்டிப் பாருங்க. காசே ஆகாது. யாராவது புதுசா வீடு கட்டறீங்கன்னா, பூச்சு வேலைக்கு முன்னாடி வாசல்ல இருந்து ஒவ்வொரு ரூமுக்கும், முக்கியமா அடுப்படிக்கும், நெட்டுக்குன்னு தனியா ஒரு பைப் போட்டு வைங்க. அப்ப ஆகுற செலவு ஒண்ணுமே இல்ல.

கரண்ட் போனா என்ன ஆகும்னும் யோசிங்க. ஹால் பொட்டியை மட்டும் இன்வெர்ட்டர்ல போட்டுட்டு அடுப்படிப் பொட்டியை விட்டுட்டா, கரண்ட் போனதும் அம்மா மறுபடி ஐயாயிரத்துல ஒரு பங்குக்குப் போயிடுவாங்க.

எதை வாங்குறதுக்கும் முன்னாடி போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டுக் கடைசி வரைக்கும் ஒரு நடை நடங்க. அங்க நின்னுட்டிருக்கிறவங்க உங்ககிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்க மாட்டாங்க. போன் பழசு, தனக்குப் பிடிக்கத் தெரியலன்னு அவங்களே நம்பியிருப்பாங்க. நாமதான் அப்படிச் சொல்லி வெச்சிருப்போம்.

டிஸ்கி 1: எந்த பிராண்டு வாங்கினேன்னு கேக்காதீங்க, விளம்பரப் பதிவுன்னு கும்மிடுவீங்க. ரெண்டு பொட்டியிலயும் கிகாபிட் போர்ட் இருக்கா, வயர் வழியா இணைக்க விடுதான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. போட்டதும் பழைய ஃபைபர் பொட்டியோட வைஃபையை அணைச்சிடுங்க, இல்லன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்.

டிஸ்கி 2: அந்த 1,400 ரூபாய் ரிப்பீட்டர் சும்மாத்தான் கிடக்கு. மதுரைப் பக்கம் வர்றவங்க வாங்கிட்டுப் போகலாம். காப்பி இலவசம், அடுப்படியில உக்காந்துதான் குடிக்கணும். இப்ப அங்கதான் சிக்னல் நல்லா இருக்கு :-)