‘யூல்’ என்னும் சொல்லும் ஒரு போலி வாதமும்

டிசம்பர் பிறந்தால் வளாகங்களில் ஒரு வாதம் தவறாமல் உலவுகிறது: ஸ்வீடிய மொழியில் கிறிஸ்துமஸின் பெயர் ‘யூல்’, அது கிறித்தவத்துக்கு முந்தைய குளிர்கால விழாவின் பெயர், ஆகவே கிறிஸ்துமஸ் திருடப்பட்ட பண்டிகை. முதலிரு கூற்றுகளும் மெய், முடிவு பொய்.

சொல்லின் பிறப்பையே அதன் இன்றைய பொருளாகக் கொள்வது மொழியியலின் முதலாண்டு மாணவரும் அறிந்த பிழை. வியாழக்கிழமையின் ஆங்கிலப் பெயர் தோர் என்னும் கடவுளின் பெயரிலிருந்து வந்தது. அதனால் அன்று வகுப்புக்கு வருவோர் தோரின் அடியார் ஆகிவிடுவரா?

சான்றுகளும் இவ்வாதத்துக்குத் துணைநிற்கவில்லை. ரோமானியரின் சாட்டர்னேலியா டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்த விழா. 25ஐ அது தொடவேயில்லை. ‘ஆதிகாலச் சின்னம்’ எனப்படும் அலங்கார மரத்தைப் பற்றிய புகழ்பெற்ற பழங்குறிப்போ 1605ஆம் ஆண்டினது. காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கிய அம்மரங்கள் ஸ்ட்ராஸ்பர்க் என்னும் கிறித்தவ நகரத்து வீடுகளில் நின்றவை.

பழைய வழக்குகள் கலக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. கலப்பில்லாத பண்டிகை இந்நாட்டில் எது? வேரைத் தோண்டிக் காட்டி உரிமையை மறுக்கும் கோடரி ஒரு சமயத்தோடு நிற்காது. நாளை உங்கள் வாசலுக்கும் வரும். தோற்றத்தை ஆராய்வது நம் கடமை. ஆயின், ஒரு பண்டிகை யாருடையது என்பதை அதைக் கொண்டாடுவோரே தீர்மானிக்கின்றனர், அகராதி தீர்மானிப்பதில்லை.