எந்திரவியற் பட்டமும் ஏமாறும் கணக்கும்

மாடு பிடிக்கப் போகிற உழவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். நகை எடுக்கப் போகிற தாய் நாலு கடை ஏறி இறங்கிச் செய்கூலிக்கும் கழிவுக்கும் வழக்காடுகிறாள். ஆனால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனை எந்திரவியற் பொறியியலில் சேர்க்கும்போது மட்டும் அதே உழவனும் அதே தாயும் ஒரு கேள்வியும் கேளாமல், கல்லூரி வாயிலில் தொங்கும் வண்ணப் பலகையில் சிரிக்கும் நாலு இளைஞர் முகங்களைப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டு விடுகின்றனர். அந்நால்வர்க்குக் கிடைத்த வேலை பலகையில் இருக்கிறது. அவர்களோடு படித்து வெளியேறிய ஏனையோர் எங்கே போயினர் என்பது எந்தப் பலகையிலும் இல்லை.

கேளாமற் போன கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். தனியார் பொறியியற் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டுக் கட்டண வரையறைக் குழு 2017ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, தர ஏற்பு பெற்ற பாடப்பிரிவில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 55,000 உருபா. மேலாண்மை ஒதுக்கீட்டு இடத்துக்கு 87,000 உருபா. குறைந்ததையே எடுத்துக்கொண்டாலும் நான்காண்டுக்கு 2,20,000 உருபா ஆகிறது. விடுதி, உணவு, பேருந்து, நூல், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கு ஆண்டொன்றுக்கு 70,000 எனக் கையை இறுக்கிக் கணக்கிட்டாலும் மேலும் 2,80,000. ஆக 5 இலக்கம் உருபா. நன்கொடை என்னும் பெயரில் நடக்கும் பறிப்பு இதில் சேரவில்லை. (அது நன்றும் அன்று, கொடையும் அன்று, அதற்கு அப்பெயரிட்டவன் பணத்தோடு தமிழையும் சேர்த்துக் கொள்ளையிட்டவன்.)

அந்த 5 இலக்கத்தில் 4 இலக்கத்தை வங்கி கல்விக்கடனாகத் தருகிறது என்க. அவ்வளவுக்கு ஈடு கேட்பதில்லை. ஆகவே கொடை போலத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஓரிலக்கமாகத் தந்து, 10 விழுக்காடு வட்டி எழுதி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கதவைத் தட்டும்போது தனிவட்டி மட்டுமே 1,40,000 ஏறி நிற்கும். குடும்ப வருவாய் நாலரை இலக்கத்துக்கு மேற்படாதவர்க்கு அக்கால வட்டியை ஏற்கும் நடுவணரசுத் திட்டம் ஒன்று 2009இல் வந்தது; அக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் சிறு கடைக்காரனுக்கும் கீழ்நிலை அலுவலனுக்கும் அதனால் பயனில்லை. அவன் 5,40,000 உருபாவை ஏழாண்டில் அடைக்க வேண்டுமாயின் திங்கள்தோறும் ஏறத்தாழ 9,000 உருபா கட்டவேண்டும்.

இனி, இன்னோர் 9,000த்தைக் காண்க. தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் 2019ஆம் ஆண்டு நடுவணரசு திருத்திய விதிகள், பட்டம் பெற்ற பழகுநர்க்குத் திங்களுக்குத் தரவேண்டிய குறைந்த அளவுத் தொகையாக வகுத்ததும் 9,000 உருபாதான்! தவணையும் ஒன்பதாயிரம், பழகுநர் தொகையும் ஒன்பதாயிரம். பையன் எதைத் தின்பான்?

அதே விதிகள் பட்டயம் பெற்ற பழகுநர்க்கு வகுத்த தொகை 8,000 உருபா. பத்தாம் வகுப்போடு பட்டயப் படிப்புக்குப் போனவன் மூன்றாண்டில், 18ஆம் அகவையில், வேலைக்கு வந்துவிடுகிறான். பட்டத்துக்குப் போனவனோ மேனிலைப் பள்ளியில் இரண்டும் கல்லூரியில் நான்குமாக ஆறாண்டு கழித்து, 21ஆம் அகவையில் வருகிறான். அந்த மூன்றாண்டு இடைவெளியில் பட்டயத்தான் திங்களுக்கு 10,000 உருபாவே ஈட்டினான் என்றாலும் 3,60,000 உருபா ஆகிறது. பட்டத்தான் செலவழித்த 5 இலக்கத்தோடு அவன் ஈட்டாமல் விட்ட இதனையும் கூட்டினால் 8,60,000. அரசுப் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயத்துக்கு ஆகும் சிறுதொகையைத் தள்ளிவிடலாம். திங்களுக்கு ஓராயிரம் உருபா கூடுதல் ஊதியம் இப்பள்ளத்தைத் தூர்க்க 71 ஆண்டும் 8 திங்களும் ஆகும். பட்டத்தான் தன் 93ஆம் அகவையில் முதலை மீட்பான், வட்டி தனி.

ஊதிய இடைவெளி அவ்வளவிலேயே நிற்காது, நாளடைவில் விரியும் என்பர். விரியட்டும். திங்களுக்கு 5,000 என விரிந்தாலும் 14 ஆண்டு 4 திங்கள் ஆகும். 15,000 என விரிந்தால் ஐந்தாண்டுக்குள் முதல் வந்துவிடும். அப்போது பட்டம் நல்ல வாணிகமே. கிண்டிக் கல்லூரியிலும் அரசுக் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் இடம் பெற்று, அடிப்படை கற்று, பொதுத்துறை ஆலைக்கோ அரசுப் பொறியாளர் பணிக்கோ ஆய்வுக்கோ செல்பவன் கணக்கு வேறு. அவனைத் தடுப்பார் எவருமிலர். அந்த இடைவெளியைத் தன் மாணவர்க்குப் பெற்றுத் தரும் கல்லூரி எது, அவனைக் காட்டி ஆள் பிடிக்கும் கல்லூரி எது என்பதே கேள்வி.

வேறொரு விடையும் சொல்வர்: ‘எந்திரவியல் படித்தாலும் மென்பொருள் நிறுவனத்தில் சேரலாமே!’ சேரலாம். ஆனால், பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்க்குத் தரும் தொடக்க ஊதியம் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை இலக்கம் என்னும் அளவிலேயே பெரும்பாலும் உறைந்து கிடக்கிறது, விலைவாசியோ உறையவில்லை. மேலும், கணினி முன் அமர்வதற்கு நான்காண்டு வெப்ப இயங்கியலும் பாய்ம எந்திரவியலும் படிப்பானேன்? கல்லூரிகளே இதனை உணர்ந்துவிட்டன. ஒரு பாடப்பிரிவுக்கு இத்துணை இடமே என்றிருந்த வரம்பை அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024இல் நீக்கியதும், கணினிப் பிரிவில் இடங்களைப் பெருக்க ஓடினர். எந்திரவியல் இடங்களைச் சுருக்கினர். விற்பவனே கைவிடும் சரக்கை வாங்குவோன் மட்டும் முழு விலைக்கு வாங்குகிறான்.

நான்காண்டு தேவையா என்று கேட்டவர் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. ஜி.டி. நாயுடு என ஊரார் அழைத்த கோவைத் துரைசாமி (1893–1974) பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பேருந்துத் தொழிலிலும் பொறிகளிலும் தம் கையாலேயே கற்றவர். 1945இல் கோவையில் தொடங்கிய பொறியியற் கல்லூரிக்கு அவரே முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பு இளைஞர் காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டே போதும் என்றார். ஆங்கில அரசு ஒப்பவில்லை, அவர் விலகினார். அவர் சொன்ன இரண்டாண்டு போதுமா போதாதா என்பது ஒருபுறம் இருக்க, காலமும் முதலே என்று கணக்கில் எழுதிய கல்லூரி முதல்வர் அவர். இன்று அதை எழுதும் முதல்வர் எத்துணைப் பேர்?

கட்டணத்தை அரசு ஏற்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு இடமும் கட்டணமும் 2021இல் வந்தன. நல்லவையே. ஆயினும் கழிந்த ஆண்டுகளை எந்த அரசு திருப்பித் தரும்? அவ்வாண்டுகளை மிகுதியாக விழுங்குவது ஆங்கிலம். சிற்றூர்ப் பள்ளியில் தமிழில் கணக்கும் இயற்பியலும் தெளிவாகக் கற்றவன், முதலாண்டிலேயே அறிந்த பொருளை அறியாத மொழியில் படித்துத் தடுமாறுகிறான். நிலுவைத் தாள்கள் சேருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மீண்டும் கட்டணம். நான்காண்டு ஐந்தாகிறது, ஆறாகிறது. லேத்து என ஊர் வழங்கும் கடைசற்பொறியிலும் வார்ப்பட ஆலையிலும் வேலை தமிழில்தான் நடக்கிறது. அவ்வேலையைக் கற்பிக்கும் வகுப்பு மட்டும் ஆங்கிலத்தில் நடக்கிறது!

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் எந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமைச் சட்டமும் அவ்வாண்டே வந்தது. அதன்பின் நூல்கள் பெருகினவா? தனியார் ஆலைகளின் வாயில் திறந்ததா? வகுப்பைத் தொடங்கிவிட்டு அதனைப் பட்டினி போட்டனர். 2023ஆம் ஆண்டு மே திங்களில் உறுப்புக் கல்லூரிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். சோறு போடாத பிள்ளை மெலிந்தான் என்று குற்றம் சாட்டுவது போன்றதே சேர்க்கை குறைந்தது என்னும் சாக்கு.

எந்திரவியலில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் பட்டயம் மூன்றாண்டு. அதன்பின் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்து மூன்றாண்டு. கூட்டினால் அதே ஆறாண்டு, அதே 21ஆம் அகவை, அதே பட்டம். கல்லூரிக் கட்டணம் நான்காண்டுக்கு மாறாக மூன்றாண்டுக்கே. இடையில் குடும்பம் நொடித்தால் கையில் பட்டயம் உண்டு, வேலைக்குப் போகலாம். கடைசற்பொறியைத் தொட்டவன் கையோடு வகுப்பில் அமர்வதால் பாடமும் விளங்கும். இவ்வழியை எந்த வண்ணப் பலகையும் சொல்வதில்லை; கல்லூரிக்கு அதில் ஓராண்டுக் கட்டணம் குறைகிறது.