வீட்டுக்குள் விஞ்ஞானம்: உங்கள் பாத்திரம் என்ன உலோகம்?

ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த பித்தளைப் பானையும் அலுமினியச் சட்டியும் நம்மில் பலருடைய குசினியில் உண்டு. ஆனால் இங்குள்ள அடுப்புகள் வேறு. எந்தப் பாத்திரம் எதற்கு உதவும் என்பதை இம்முறை பார்ப்போம்.

பித்தளை: செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம் இது. புளி தேய்த்தால் பித்தளை பளபளக்கும் அல்லவா? புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைப்பதே காரணம். அதே புளி, சமைக்கும்போது செம்பையும் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். வயிற்றுவலியும் வாந்தியும் வரலாம். அதனால்தான் நம் முன்னோர் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். பூச்சுத் தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால் புளி, தேசிக்காய், தயிர் சேர்ந்த எதையும் அதில் வைக்காதீர்கள். மீண்டும் பூசுவிப்பதாயின் வெள்ளீயம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்திருந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

அலுமினியம்: எவர்சில்வரைவிட ஏறத்தாழ 15 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சோறு வடிக்க நல்லது. காற்றுப் பட்டதும் அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டாகி உலோகத்தைக் காக்கிறது. புளிக்குழம்பை இரவு முழுவதும் அதில் விட்டுவைத்தால் அந்தப் படை அரிக்கப்படும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் காரத்தூளும் அதனைக் கறுப்பாக்கிவிடும்.

எவர்சில்வர்: இரும்புடன் குறைந்தது 10.5 வீதம் குறோமியம் சேர்ந்தது. ஆகவே எளிதில் துருப்பிடியாது; புளிக்கும் அஞ்சாது. வெப்பம் மெதுவாகப் பரவுவதால் அடிப்பிடிக்கும். அடியில் அலுமினியத் தகடு பொதிந்த பாத்திரம் இக்குறையைத் தீர்க்கும்.

புதிய வீட்டில் இன்டக்ஷன் அடுப்பா? அது காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்குவது. சாதாரண அலுமினியமும் பித்தளையும் அதில் சூடேறா. அடுப்புப் பழுதென்று எண்ணி மனம் நோகவேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். இறுக ஒட்டினால் அது பயன்படும். எவர்சில்வரிலும் சில ஒட்டா. கடைக்குப் போகும்போது அந்தக் காந்தத்தையும் கையோடு கொண்டுபோங்கள், வீண்செலவு மிஞ்சும்.

மைக்றோவேவ் அடுப்பினுள் எவர்சில்வர் கிண்ணமோ அலுமினியத் தாளோ வைக்கவேண்டாம். தீப்பொறி பறந்து நெருப்புப் பிடிக்கலாம். பாடசாலை விட்டு வந்து தாமே சாப்பாட்டைச் சூடாக்கும் பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லிவையுங்கள்.

பூச்சுப் போன பித்தளைப் பானையை எறிந்துவிடாதீர்கள். புளி தேய்த்து மினுக்கி வையுங்கள். நல்ல நாளுக்கு நிறைகுடம் வைக்க உதவும்.